பட்டியலில் வந்த பெயர்

12 ஜனவரி 1941, ஞாயிறு

இன்று சத்தியாக்கிரக விண்ணப்பங்கள் இரண்டையும் ஜில்லா கமிட்டிக்குத் தபாலில் சேர்த்தேன். ஒன்று என்னுடையது. மற்றொன்று சொர்ணத்துடையது. சுற்றறிக்கையில் "ஸ்திரீகளும் முன்வருதல் விரும்பத்தக்கது" என்று கண்டிருந்தது. சேந்தமடையிலிருந்து ஒரு ஸ்திரீ பெயர்கூட இல்லையென்றால் ஊர்க் கமிட்டியின் காரியதரிசி என்ற முறையில் எனக்குத்தான் குறை. ஆகையால் அவளுக்கும் நானே பூர்த்தி செய்து கையெழுத்து மட்டும் வாங்கினேன். மனைவி பெயரைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். ஒரு மரியாதைக்கு இருக்கட்டும்.

நம்மைக் கேட்காமலே நம்மை இந்த யுத்தத்தில் இழுத்து விட்டிருக்கிறார்கள். அதை ஊரறியச் சொல்வதற்குத்தான் இந்தச் சத்தியாக்கிரகம். கூட்டம் கூடாது, ஊர்வலம் கூடாது. பட்டியலில் பெயர் உள்ள ஒருவர், போலீசுக்கு முன்னதாகத் தெரிவித்துவிட்டு, பொது இடத்தில் நின்று ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்ல வேண்டும்: "பிரிட்டிஷாரின் யுத்த முயற்சிக்கு ஆளாலோ பணத்தாலோ உதவி செய்வது தவறு. யுத்தத்தை அகிம்சையால் எதிர்ப்பதே தகும்." சொன்னதும் கைது.

வாக்கியம் சற்று வறண்டதுதான். அதற்கு முன்னால் சொல்ல இருபது வரியில் ஒரு முகவுரை எழுதி வைத்திருக்கிறேன்.

விண்ணப்பத்தில் "தினமும் நூற்கிறாரா?" என்று ஒரு கேள்வி. இருவருக்கும் "ஆம்" என்று எழுதினேன். எங்கள் வீட்டிலிருந்து கமிட்டிக்கு மாதம் பன்னிரண்டு சிட்டம் நூல் போகிறது. ஆறு என் பெயரில், ஆறு அவள் பெயரில். கமிட்டி வேலைகளும் புத்தகக் கடையும் எனக்கு இருப்பதால், நூற்பு சம்பந்தமான காரியங்களை வீட்டில் சொர்ணத்தின் பொறுப்பில் விட்டிருக்கிறேன்.

19 ஜனவரி

கடை பெஞ்சில் இன்று ஒரே விவாதம். பேப்பர் வாங்குகிறவர்கள் நாலு பேர். ஓசியில் படிக்கிறவர்கள் நாற்பது பேர். ஒருவர் ஜெர்மன்காரன் கையில் லண்டன் பிடிபடப் போகிறது என்கிறார். ஒருவர் பழைய சண்டையில் எம்டன் கப்பல் மதராசில் குண்டு போட்ட கதையை ஆரம்பித்தார். தாசில்தார் யுத்த நிதிக்கு ஆள் அனுப்பியதில் எல்லோருக்கும் எரிச்சல்தான், ஆனால் வாயைத் திறக்க ஒருவருக்கும் துணிச்சல் இல்லை.

"யாரு ஆண்டா நமக்கு என்னவே? சண்டை சீமையில நடக்கு. இங்க பருத்தி வெல ஏறுதுல்லா, அதப் பாரும்" என்றார் ஒருவர். மற்றவர்கள் சிரித்தார்கள்.

இந்த ஜனங்களுக்கு நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

எதிர்வீட்டு மூக்கம்மாவின் மகன் இசக்கிமுத்து பட்டாளத்தில் சேர்ந்து பத்து மாதம் ஆகிறது. பாலம் கட்டுகிற படையாம். இப்போது ஆப்பிரிக்காவில் எங்கோ இருக்கிறான். அவள் எங்களுக்குப் பால் ஊற்றுகிறவள். சொர்ணமும் அவளும் ஒருவரையொருவர் மதினி என்றுதான் கூப்பிட்டுக் கொள்வார்கள்.

26 ஜனவரி

சுதந்திர தினப் பிரதிக்ஞை. நாற்பது நிமிஷம் பேசினேன். மூன்று இடங்களில் கைதட்டல். சொர்ணம் பெண்கள் பக்கத்தில் கடைசியில் நின்றிருந்தாள். வீட்டுக்கு வந்து, "எப்படி?" என்று கேட்டேன்.

"நல்லா இருந்துச்சு. சண்டையப் பத்தி எப்பச் சொல்லுவியன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றாள்.

சரித்திரப் பின்னணி இல்லாமல் எடுத்த எடுப்பில் சண்டையைப் பற்றி எப்படிப் பேசுவது? அவளுக்கு அது விளங்காது.

9 பிப்ரவரி, ஞாயிறு

ஜில்லா கமிட்டியின் அமைப்பாளர் ஸ்ரீ அனந்தகிருஷ்ணன் சைக்கிளில் வந்தார். வயது இருபத்தாறு இருந்தால் அதிகம். விண்ணப்பதாரர்களை நேரில் பார்த்து வார்தாவுக்கு, மகாத்மாவின் ஆசிரமத்துக்கு, எழுத வேண்டுமாம்.

சத்தியாக்கிரகம் செய்ய விரும்பும் காரணம் என்ன என்று என்னைக் கேட்டார். கால் மணி நேரம் விளக்கினேன். அவர் இரண்டு முறை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "கொஞ்சம் நூற்றுக் காட்டுங்களேன், சும்மா ஒரு பத்து நிமிஷம்" என்றார். ராட்டையின் முன் உட்கார்ந்தேன். நூல் நாலு தடவை அறுந்தது. இன்று காற்று அதிகம்.

அடுத்து சொர்ணத்தைக் கூப்பிடச் சொன்னார். அவள் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக் கொண்டு வந்து நின்றாள். "அவளுக்கு இதிலெல்லாம் பழக்கம் இல்லை" என்று நான் சொல்லிக் கொண்டிருக்கும்போதே, "நீங்க சொல்லுங்கம்மா, எதுக்காகச் சேரணும்னு நினைக்கிறீங்க?" என்று அவர் அவளையே கேட்டார்.

சொர்ணம் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக் கொண்டாள். பிறகு, "மதினி மவன் பட்டாளத்துக்குப் போகும்போது தெருவே கூடிப் போயி ரயில் ஏத்தி விட்டோம். நான்தான் திருநீறு பூசி விட்டேன். வேண்டாம்ல, போகாதன்னு சொல்லணும்னு தொண்டை வரைக்கும் வந்துச்சு. சொல்லல. அதான்" என்றாள்.

இவ்வளவுதான். இதில் ஏகாதிபத்தியம் எங்கே, சுதந்திரம் எங்கே? ஆனால் அந்தப் பிள்ளையாண்டான் நோட்டில் ரொம்ப நேரம் எழுதிக் கொண்டிருந்தார். நான் பேசியபோது பென்சிலை எடுத்த ஞாபகம் இல்லை.

10 பிப்ரவரி

ராட்டையில் நூல் சுற்றும் கதிர் வளைந்திருக்கிறது. சொர்ணத்திடம் சொன்னேன். "எனக்கு நல்லாத்தான ஓடுது" என்கிறாள்.

24 பிப்ரவரி, திங்கள்

கடை முகவரிக்கு ஜில்லா கமிட்டிக் கவர் வந்தது. சேந்தமடைக்கு ஒரே ஒரு பெயர். ஸ்ரீமதி கா. சொர்ணத்தம்மாள். மார்ச் பதினைந்தாம் தேதி, சனிக்கிழமை, சந்தையில்.

மூன்று முறை படித்தேன். தட்டச்சில் பிழை நேர்ந்திருக்கலாம் என்று கவரின் உள்ளேயும் பார்த்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அவள் ஊறுகாய்க்கு நார்த்தங்காய் நறுக்கிக் கொண்டிருந்தாள். ஒரு முக்கியமான செய்தியைச் சொல்ல அது தகுந்த சமயம் இல்லை.

25 பிப்ரவரி

இன்றும் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை.

27 பிப்ரவரி

நன்றாக யோசித்து ஜில்லா கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுதினேன். என் மனைவியின் தேகநிலை சிறைவாசத்துக்கு இடம் தராது. கமிட்டி விரும்பினால் அவள் இடத்தில் வேறு ஒருவர் சேவை செய்யத் தயாராக இருக்கிறார் என்று. பொய் என்று ஒன்றும் இல்லை. போன சித்திரையில் அவளுக்கு ஒரு வாரம் காய்ச்சல் இருந்தது. ஜெயிலில் கம்பங்கூழும் கல்லும் மண்ணுமான சோறும்தான். ஒரு புருஷன் தன் மனைவியைப் பற்றிக் கவலைப்படாமல் வேறு யார் கவலைப்படுவது?

வேறு ஒருவர் யார் என்று பெயர் எழுதவில்லை. அவர்களுக்கே தெரியும்.

4 மார்ச், செவ்வாய்

எழுதவே கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்கு அனந்தகிருஷ்ணன் மறுபடி சைக்கிளில் வந்தார். கையில் ஒரு பையில் ஆரஞ்சுப் பழங்கள். நான் கடைக்குப் புறப்பட்டு வாசலில் நின்றிருந்தேன். அதே சமயம் சொர்ணம் இடுப்பில் ஒரு குடமும் தலையில் ஒரு குடமுமாகத் தெருக் கிணற்றிலிருந்து வந்து கொண்டிருந்தாள்.

அவர் அவளையும் குடங்களையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உடம்பு முடியலைன்னு உங்க வீட்டுக்காரர் எழுதியிருந்தாரே அம்மா. அதான் பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

அவள் குடங்களை இறக்கி வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைத்து முடிக்க வெகு நேரம் எடுத்தாள்.

"ஆமா. முடியாமத்தான் இருந்துச்சு. இப்ப சுகமாயிட்டு. அவுகளுக்கு என் மேல கொஞ்சம் கவல அதிகம்" என்றாள்.

அனந்தகிருஷ்ணன் பழத்தைக் கொடுத்துவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போனார். என்னிடம் வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அவர் சைக்கிள் தெரு திரும்பியதும், "காயிதத்தக் குடுங்க" என்றாள். எந்தக் காகிதம் என்று கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து கமிட்டிக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். எழுத்துக்குக் கீழே விரலை வைத்து மெள்ளப் படித்தாள். அவள் பெயர் வந்த இடத்தில் விரல் நின்றது.

"இன்னும் பதினோரு நாள் இருக்குல்லா?" என்றாள். அவ்வளவுதான்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு ஓர் ஆரஞ்சை உரித்துப் பாதியை என் இலையில் வைத்தாள். சண்டை போட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். எத்தனையோ பதில்கள் தயாராக வைத்திருந்தேன்.

8 மார்ச்

காரியதரிசி என்ற முறையில் அவளுக்குப் பயிற்சி கொடுப்பது என் கடமை. புழக்கடையின் ஒரு கோடியில் அவளை நிறுத்தி மறு கோடியில் நான் நின்றேன். குரல் துவைக்கிற கல் வரைக்கும்கூட வரவில்லை.

"சத்தமாகச் சொல். சந்தையில் ஐந்நூறு பேர் இருப்பார்கள்."

"இருக்கட்டும். மனுசங்கதான" என்றாள்.

என் முகவுரையைப் படித்துக் காட்டினேன். ஐந்து வரியாகச் சுருக்கித் தருவதாகவும் சொன்னேன். வேண்டாமாம். பட்டியலில் பெயர் வந்ததற்கே இவ்வளவு கர்வம் என்றால்!

பிறகு ஒரு காரியம் செய்தாள். சந்தையில் சொல்வதற்கு முன்பு மூக்கம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று எதிர்வீட்டுக்குப் போனாள். "அவளிடம் ஏன்? வீண் வம்பு" என்று தடுத்துப் பார்த்தேன்.

"தெரு ஆளுக்குச் சொல்லாம ஊருக்குச் சொன்னா அது கோள் சொன்ன மாதிரில்லா ஆயிரும்."

ஐந்து நிமிஷத்தில் மூக்கம்மாவின் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. "எம்மவன் பட்டாளத்துல கெடக்கான். அவனுக்குச் சோறும் துணியும் குடுக்காதியன்னு சொல்லப் போறியா? அவன் தோத்துச் சாவணுமா? ஒனக்குப் புள்ள இருந்தா தெரியும்டி!"

சொர்ணம் திரும்பி வந்தாள். எங்களுக்குப் பிறந்த குழந்தை மூன்றாம் மாதமே போய்விட்டது. அது நடந்து ஒன்பது வருஷம். முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. உலையில் அரிசியைப் போட்டாள்.

நாளையிலிருந்து பால் கிடையாது. ஜனங்களின் எண்ணம் என்னவென்று முன்னமே எனக்குத் தெரியும். அவள்தான் கேட்கவில்லை. எனக்கு வருத்தமாக இருந்தது என்றுதான் எழுத வேண்டும்.

15 மார்ச், சனி

சந்தை. காலை பத்து மணி.

சப்-இன்ஸ்பெக்டர் தேவசகாயம் இரண்டு கான்ஸ்டபிள்களுடன் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் சொர்ணத்துக்குக் கதர் மாலை போட்டேன். மாலை போட்டதும் நான் விலகிவிட வேண்டும். சத்தியாக்கிரகி தவிர வேறு யாரும் பேசக் கூடாது என்பது விதி. ஆனாலும் "சேந்தமடை மகாஜனங்களே" என்று ஆரம்பித்துப் பார்த்தேன். தேவசகாயம் விரலை ஆட்டினார்.

சொர்ணம் சொன்னாள். முதல் வரிசையில் இருந்தவர்களுக்கே கேட்கவில்லை. "என்ன சொல்லுது அந்தம்மா?" என்றது ஒரு குரல். "கருவாடு வெல கேக்குது" என்றது இன்னொன்று. சிரிப்பு. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நான் சொல்லியிருந்தால் மேலத்தெரு வரைக்கும் கேட்டிருக்கும்.

அவள் கூட்டத்துக்குள் இறங்கி நடந்தாள். கேட்டவனிடம் போய் நின்று, அவன் முகத்தைப் பார்த்து அந்த வாக்கியத்தைச் சொன்னாள். அடுத்து வெங்காயக்காரியிடம், அதன் பின் மாட்டுத் தரகர்களிடம். ஒவ்வொரு கடையாகப் போய், ஏதோ சொந்த விசேஷத்துக்கு அழைக்கிற மாதிரி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னாள். சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று தெரியவில்லை. ஒரு கிழவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக் கொண்டு கேட்டார். மூக்கம்மா பால் பானைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அவளிடமும் போய்ச் சொன்னாள். மூக்கம்மா பக்கத்தில் காறித் துப்பிவிட்டு முகத்தைத் திருப்பிக் கொண்டாள்.

ஒரு மணி நேரம் நடந்தது. தேவசகாயம் கைது செய்யவில்லை. "பெரிய ஆட்களைத் தவிர மத்தவங்களைப் பிடிக்க வேண்டாம்னு உத்தரவு, பிள்ளைவாள். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

கைது செய்யாவிட்டால் வாக்கியத்தைச் சொல்லிக் கொண்டே ஊர் ஊராக வடக்கே நடக்க வேண்டும், அதுதான் கட்டளை. என்னைக் கைது செய்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

17 மார்ச்

பேப்பரில் இரண்டு வரி. "சேந்தமடை காங்கிரஸ் காரியதரிசி ஸ்ரீ காந்திமதிநாத பிள்ளையின் மனைவி சத்தியாக்கிரகம் செய்தார்." கத்தரித்து இந்த நோட்டில் ஒட்டியிருக்கிறேன். நன்றாகத்தான் போட்டிருக்கிறார்கள்.

சொர்ணத்திடம் காட்டினேன். "எம்பேரு இல்லையே" என்றாள். ஆமாம், இல்லை. இப்போதுதான் கவனித்தேன்.

18 மார்ச்

அதிகாலையில் புறப்பட்டுப் போய்விட்டாள். ஒரு மாற்றுச் சேலை, கையால் நூற்க ஒரு தக்ளி, ஒரு செம்பு. ஊர் எல்லை வரை முப்பது பேர் வந்தோம். உப்பு எந்தப் பானையில், பருப்பு எந்தப் பானையில் என்று சொன்னாள். "நீங்களும் வாங்க" என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் கடையைக் காரணம் காட்டி மறுத்திருப்பேன். சொல்லவில்லை.

30 மார்ச்

பஸ் கண்டக்டர்கள் மூலம் சேதி வந்து கொண்டிருக்கிறது. ஓர் ஊரில் பெண்கள் அவள் காலுக்குத் தண்ணீர் ஊற்றினார்களாம். இன்னோர் ஊரில் பள்ளிக்கூடத்து வாத்தியார் வகுப்பை விட்டு வெளியே வந்து கேட்டாராம். பெஞ்சில் பேப்பரை யாரும் எடுப்பதில்லை. "அம்மா இப்ப எங்க?" என்பதுதான் முதல் கேள்வி. நோட்டுப் புத்தகம் வாங்க வந்து பெஞ்சில் உட்கார்ந்த வெளியூர்க்காரன் ஒருவன், "நீங்க சொர்ணத்தம்மா வீட்டுக்காரரா?" என்று எழுந்து நின்று கும்பிட்டான். பதினெட்டு வருஷம் இந்த ஊரில் நான் பேசியிருக்கிறேன். ஒருவரும் எழுந்து நின்றதில்லை.

3 ஏப்ரல்

ஆற்றுக்கு வடக்கே ஓர் ஊரில் அவள் மேல் சாணி எறிந்தார்களாம். பட்டாளத்துக்கு நிறையப் பேர் போன ஊர். இன்று மத்தியானம் வெகு நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

4 ஏப்ரல்

நேற்று எழுதிய கடைசி வரியை அடிக்க வேண்டும் என்று பேனாவை எடுத்தேன். அடிக்கவில்லை. இருக்கட்டும்.

22 ஏப்ரல், செவ்வாய்

மூக்கம்மா கடைக்கு வந்தாள். ஒன்றரை மாதத்தில் முதல் தடவை. மடியிலிருந்து ஒரு கவரை எடுத்து மேஜை மேல் வைத்தாள். "இங்கிலீசுல இருக்கு அண்ணாச்சி. போஸ்ட்மேன் படிக்க மாட்டேனுட்டான்."

ராணுவ ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தது. நாலு வரி. கெரன் என்ற இடத்தில் நடந்த சண்டையில் இசக்கிமுத்துவுக்குப் பலத்த காயம். வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்தாகிவிட்டது. உயிருக்கு அபாயமில்லை.

பெஞ்சில் ஆறேழு பேர் இருந்தார்கள். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். ஒரு சபை என் வாயைப் பார்க்க வேண்டும் என்று எத்தனை நாள் ஆசைப்பட்டிருப்பேன். வாய் வரவில்லை. எப்படியோ சொன்னேன்.

அவள் அழவில்லை. "காலு இல்லன்னா பட்டாளத்துல வச்சிக்கிட மாட்டாகல்லா?"

"மாட்டார்கள்."

"அப்ப வீட்டுக்கு அனுப்பிருவாக."

"அனுப்பி விடுவார்கள்."

"உசுரோட வாரான்" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே மாறிவிட்டது. தன் வாயிலேயே அறைந்து கொண்டாள். "காலு போச்சேன்னு அழாம, வாரான்னு சந்தோசப்படுதனே, நான் என்ன பெத்தவ அண்ணாச்சி?"

பருத்தி விலை பேசுகிறவர் எழுந்து தெருவுக்குப் போய்விட்டார்.

மூக்கம்மா கவரை எடுத்து மடியில் செருகிக் கொண்டு, "சொர்ணம் எங்கன இருக்கா? நான் அவளப் பாக்கணும்" என்றாள்.

24 ஏப்ரல், வியாழன்

முதல் பஸ்ஸில் மூக்கம்மாவைக் கூட்டிக் கொண்டு புறப்பட்டு, மூன்று ஊரில் விசாரித்து, உச்சிப் பொழுதில் கண்டுபிடித்தோம். இதுவும் தேவசகாயத்தின் எல்லைக்குட்பட்ட ஊர்தான். நேராக வடக்கே போகாமல் சுற்றுப்பட்டு ஊரையெல்லாம் முடித்துக் கொண்டுதான் போவேன் என்று சுற்றிச் சுற்றி நடக்கிறாளாம். கறுத்து, மெலிந்து, கோவில் முன்னால் நின்று கொண்டிருந்தாள். இருபது பேர் சுற்றி நின்றார்கள். ஒரு முறுக்கு மீசைக்காரன், "பட்டாளத்துல மாசா மாசம் சம்பளம் தாரான். நீ தருவியா?" என்று கேட்டுக் கொண்டிருந்தான். அவள் அவனுக்குப் பொறுமையாக அந்த வாக்கியத்தைத் திரும்பச் சொன்னாள். குரல் அப்படியேதான் இருந்தது. கேட்க வேண்டியவர்கள் கிட்டே வந்து கேட்டார்கள்.

மூக்கம்மா கூட்டத்தைப் பிளந்து கொண்டு போனாள். சொர்ணம் ஒரு கணம் பின்வாங்கினாள்; அடிக்கப் போகிறாள் என்று நினைத்திருப்பாள். மூக்கம்மா அவள் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்துக் கொண்டாள்.

"எம்மவனுக்குக் காலு போயிட்டு மதினி."

அப்புறம் மீசைக்காரன் பக்கம் திரும்பினாள். "சம்பளமா கேக்க? எம்மவனும் சம்பளத்துக்குத்தான்ல போனான். அந்தக் காலு இப்ப எந்த மண்ணுல கெடக்குன்னு எவனாவது சொல்லுங்கல. தூக்கிட்டு வந்து பொதைச்சிருதேன்."

வீடுகளிலிருந்து பெண்கள் வெளியே வந்தார்கள். களத்தில் வேலை செய்தவர்கள் வந்தார்கள். இருநூறு, முந்நூறு பேர் இருக்கும். மூக்கம்மா சொர்ணத்தின் வாக்கியத்தைச் சொன்னாள். பாதிதான் தெரிந்திருந்தது, "ஆளு குடுக்கது தப்பு, ஆளு குடுக்கது தப்பு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பெண்கள் கூடச் சொன்னார்கள்.

இந்தச் சமயத்தில் நான் ஒரு மாட்டு வண்டி மேல் ஏறினேன். ஏன் ஏறினேன் என்று இப்போது யோசிக்கிறேன். கூட்டத்தை ஒழுங்குபடுத்த என்று எழுதலாம். "மகாஜனங்களே!" என்று என் முழுக் குரலில் கூப்பிட்டேன். ஒருவர்கூடத் திரும்பவில்லை. கூட்டத்தோடு கூட்டமாக வந்து சேர்ந்திருந்த தேவசகாயம் மட்டும் என் பக்கத்தில் வந்து, "பிள்ளைவாள், எறங்குங்க. மாடு மிரளுது" என்றார்.

இறங்கினேன்.

பிறகு அவர் சொர்ணத்திடம் போனார். "இத்தனை பேர் கூடிட்டாங்க. இனி என்னால பார்த்துக்கிட்டு இருக்க முடியாதும்மா" என்றார். மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருந்தது. மூக்கம்மா போலீஸ் வண்டியின் முன்னால் படுக்கப் போனாள். சொர்ணம் அவளைத் தூக்கி நிறுத்தி, "இசக்கி வரும்போது வீட்டுல ஆளு இருக்க வேண்டாமா மதினி?" என்றாள்.

வண்டியில் ஏறும்போது கூட்டத்தில் யாரையோ தேடினாள். நான் கையை உயர்த்தினேன். பார்த்தாளா என்று தெரியவில்லை.

25 ஏப்ரல்

மூன்று மாதம். வேலூர் பெண்கள் சிறை.

11 மே

இந்த நோட்டை ஜனவரியிலிருந்து படித்துப் பார்த்தேன். இதை எழுதியவனோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறாள்.

18 மே

ஜில்லா கமிட்டியார் பொதுக்கூட்டம் போட்டு, சொர்ணத்தைப் பற்றிப் பேச என்னை அழைத்தார்கள். பெரிய மேடை, ஒலிபெருக்கி, இரண்டாயிரம் பேர். எழுந்து நின்றேன். அவளைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று யோசித்தேன். எந்தப் பானையில் உப்பு இருக்கும் என்று தெரியும். நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்து விட்டேன். அடக்கத்துக்காக என்னை எல்லோரும் பாராட்டினார்கள்.

திரும்பும் வழியில் அனந்தகிருஷ்ணனிடம், பிப்ரவரி மாதம் நான் எழுதிய கடிதம் பொய் என்று சொன்னேன். நூற்புக் கணக்கும் பொய் என்று சொன்னேன். அவர் சைக்கிளைத் தள்ளிக் கொண்டே நடந்தார். "தெரியும் சார்" என்றார்.

12 ஜூன், வியாழன்

வேலூர். பேட்டிக்கு இருபது நிமிஷம். நடுவில் ஒரு மேஜை, பக்கத்தில் ஒரு பெண் வார்டர்.

சொர்ணம் வந்தாள். தேறியிருந்தாள். உள்ளே யாரோ சொன்ன எதற்கோ சிரித்துக் கொண்டே வந்தவள், என்னைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பை நிறுத்தவில்லை. முதலில் மூக்கம்மாவைப் பற்றிக் கேட்டாள். இசக்கி பம்பாய் வந்து விட்டான், ஆடியில் வீட்டுக்கு வருவான் என்றேன். இங்கே மதராஸ், கோயமுத்தூர்ப் பக்கத்துப் பெண்கள் பதினைந்து பேர் இருக்கிறார்களாம். ஓர் அம்மாள் இவளுக்கு இங்கிலீஷ் எழுத்துக் கற்றுக் கொடுக்கிறாளாம். இனி ராணுவத்துக் காகிதம் வந்தால் மதினி கடைக்கு ஓட வேண்டாம் என்றாள்.

ரயிலில் வரும்போதே சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். எல்லாம் கலைந்து போயிற்று.

"சொர்ணம், நான் கெட்டவனா என்னன்னு எனக்குத் தெரியல. எனக்குப் பொறாமையா இருந்துச்சு."

"யாரு மேல?"

"உன் மேலதான்."

வார்டர் தலையைத் தூக்கிப் பார்த்தாள். சொர்ணம் மேஜையின் விளிம்பைத் தடவிக் கொண்டிருந்தாள். அவள் ஆச்சரியப்படவில்லை.

"இப்பவும் இருக்கா?"

"இருக்கு. நீ சிரிச்சிக்கிட்டே வந்தியே, அப்பக்கூட வந்துச்சு."

"எனக்கும் இருந்துச்சு" என்றாள். "பத்துப் பன்னிரண்டு வருசமா. நீங்க மேடையில பேசுவிய. நான் பொம்பளைக பக்கம் கடைசில நிப்பேன். இத நான் சொன்னா வேற மாதிரி சொல்லுவேனேன்னு தோணும். வீட்டுக்கு வந்ததும், எப்படி இருந்துச்சுன்னு கேப்பிய. நல்லா இருந்துச்சுன்னு சொல்லுவேன். சொல்லும்போது வயிறு எரியும்."

பதினெட்டு வருஷத்தில் இது எனக்குத் தெரியாது. எத்தனை கூட்டம், எத்தனை தடவை "எப்படி?" என்று கேட்டிருப்பேன்.

"வேற மாதிரின்னா எப்படிச் சொல்லியிருப்பே?"

"இப்பச் சொல்லவா?"

"சொல்லு."

வார்டர் கடிகாரத்தைப் பார்த்து, இன்னும் எட்டு நிமிஷம் என்றாள். சொர்ணம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக் கொண்டாள். மணி அடிக்கும் வரை பேசினாள். நான் குறுக்கே பேசவில்லை.

அவள் பேசியதை இங்கே எழுதவில்லை. எழுதினால் என் நடையில்தான் வரும்.